நோகாத நெஞ்சு

அத்தியாயம் 11

ஒருதரமாவது நோகட்டும். இவர்கள் எல்லோரும் முன்னால் இருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்துகிற மாதிரி, ஒரேயொருதரம் நோகட்டும்.

ஞானாம்பிகை இந்த ஆசையை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் விசரி என்பார்கள். குசினிக்குள் பலகையைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது டொக்டர் நடராசாவின் கட்டளை. ஆனால் விடிந்த பிறகும் படுத்திருந்தால் மகள் ஏனென்று கேட்பாள். வெங்காயம் உரிப்பவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவள் கண்ணீரைக்கூடக் கேட்பதில்லை.

உள்ளறையில் தவமலர், சிரட்டைக் கரி போட்ட அயன்பெட்டியால் சேலைகளை அழுத்திக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பயணம். கிளாலிக் கடலைக் கடந்து, வவுனியாவில் சோதனைகளைக் கடந்து, கொழும்பு. மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து அங்கே காத்திருக்கிறார். அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலில் தாலிகட்டு. கிளாலியில் வெடிச்சத்தம் கேட்டுக்கேட்டு இரண்டு முறை தள்ளிப்போன கலியாணம் இது. மாப்பிள்ளையின் லீவு இனி நீளாது.

கூட்டிக்கொண்டு போகவேண்டியவள் தாய். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று வீட்டில் ஒருவர் பிணை நின்றால்தான் இயக்கத்தின் பாஸ் கிடைக்கும் என்பதால், தகப்பன் பரமலிங்கம் உரும்பிராயிலேயே நிற்கிறார். தாய்க்கும் மகளுக்கும் பாஸ் வந்துவிட்டது. எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்று வீடு மூச்சு விட்ட நேரத்தில்தான், போன வியாழக்கிழமை, ஞானாம்பிகை கிணற்றடியில் சரிந்து இருந்துவிட்டாள்.

வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வேர்த்தது. மழையில் நனைந்தவள் மாதிரிச் சட்டை முதுகோடு ஒட்டியது. மூச்சை உள்ளே இழுத்தால் பாதி வழியில் நின்றது. கப்பிக்கயிற்றை விட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டில் சாய்ந்ததுதான் நினைவிருக்கிறது.

பக்கத்து வளவிலிருந்து பராசக்தி ஓடிவந்தாள். பரமலிங்கத்தின் அக்கா. புருசனை இழந்த பிறகு தனியாக இருப்பவள்.

"சீனி இறங்கிப்போச்சு. பிள்ளை, கெதியாய்ச் சீனித்தண்ணி கொண்டா."

சலரோகக்காரிக்கு வேர்த்தால் சீனி இறங்கிவிட்டது. அந்த வீட்டில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ஊசிமருந்து தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு கிளாஸ் சீனித்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் வாய்க்குள் போயின. "இனிச் சரி" என்று பராசக்தி சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஆனால் சரிவரவில்லை. நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டியது. கால் வீங்கியது. நேற்று பரமலிங்கம் அவளைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக் கோண்டாவிலுக்குக் கொண்டுபோனார்.

டொக்டர் நடராசா பென்சன் எடுத்த மனிதர். அவருடைய ஈ.சி.ஜி. மெசின் கார் பற்றரியில் ஓடியது. அது கக்கிய காகிதத்தை அவர் மேசையில் விரித்து, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"அண்டைக்கு வேர்க்கேக்கை பசிச்சதோ பிள்ளை?"

"இல்லை டொக்டர். அப்பதான் புட்டுச் சாப்பிட்டனான்."

"கை நடுங்கினதோ?"

"இல்லை. மூச்சுத்தான் எடுக்க ஏலாமல் கிடந்தது."

"அது சீனி இறங்கினதில்லை. உங்களுக்கு வந்தது மாரடைப்பு."

பரமலிங்கம் சிரித்துவிட்டார். சிரித்த வாயை மூடத் தெரியாமல் நின்றார். "இவவுக்கு நெஞ்சு நோகவேயில்லை டொக்டர்."

"காலிலை என்ன கட்டு?"

"தணலை மிதிச்சிட்டன்," என்றாள் ஞானாம்பிகை. "மிதிச்சது தெரியேல்லை. மணம் வருகுதெண்டு பிள்ளைதான் கண்டவ."

டொக்டர் தலையை ஆட்டினார். "கால் சுட்டது தெரியாத உடம்புக்கு நெஞ்சு அடைச்சது மட்டும் தெரியுமோ? சலரோகம் ரெண்டு வேலை செய்யும். ஒரு பக்கத்தாலை இதயத்துக்கு ரத்தம் போற குழாயை அடைக்கும். மற்றப் பக்கத்தாலை, அடைச்சதைச் சொல்லவேண்டிய நரம்பைத் தின்னும். களவெடுக்க வாறவன் முதலிலை நாய்க்கு நஞ்சு வைச்சிட்டு வாறமாதிரி."

அவர் காகிதத்தில் இன்னோர் இடத்தில் விரலை வைத்தார்.

"இது முதல்தரமும் இல்லை. பழைய தழும்பு ஒண்டும் கிடக்கு."

பிறகு ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். "இது நாக்குக்குக் கீழை வைக்கிற குளிசை. நெஞ்சு நோகேக்கை..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். போத்தலைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தார். "உங்களுக்கு நோகாது. எப்ப வைக்கச் சொல்லுறது?"

பரமலிங்கம் பயணத்தைப் பற்றிக் கேட்டார். கொழும்பில் பெரிய டொக்டர்மார் இருக்கிறார்கள்தானே என்றார்.

"இருக்கினம். போய்ச் சேந்தால் நல்லது. ஆனால் சேத்திலை நடந்து, தண்ணியிலை இறங்கி வள்ளம் ஏறி, விடியும்வரைக்கும் குந்தியிருந்து, அங்காலை உழவு மெசின் பெட்டியிலை குலுங்கி... இந்த நெஞ்சு அதைத் தாங்காது. இப்ப கிணத்திலை தண்ணி அள்ளவே கூடாது."

திரும்பி வரும்போது பரமலிங்கம் குனிந்து சைக்கிள் மிதித்தார். தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் இறங்கியபோதுதான், முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"பிள்ளைக்கு இப்ப ஒண்டும் சொல்லாதையும். வெள்ளிக்கிழமை நல்லபடியாய் முடியட்டும்."

வெள்ளிக்கிழமை யாருக்கு நல்லபடியாய் முடியட்டும் என்று அவள் கேட்கவில்லை.

*

வெங்காயம் பாதி உரிந்திருந்தபோது வேலி இடைவெளியால் பராசக்தி வந்தாள். தம்பி விடியவே போய்ச் சொல்லியிருக்கிறார் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

"என்ன ஞானம், டொக்டர் பயப்பிடுத்திப்போட்டாராம்."

"மெதுவாய்க் கதையுங்கோ மச்சாள். பிள்ளை உள்ளை நிக்குது."

பராசக்தி குந்தியிருந்து, கேட்காமலே ஒரு பிடி வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்ரை மனிசன் சந்தையிலை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர். அவர் கத்தின சத்தம் றோட்டுக்குக் கேட்டதாம். அதுக்குப் பேர்தான் மாரடைப்பு. நீ அண்டைக்குப் பின்னேரம் எழும்பித் தேத்தண்ணி குடிச்சனி."

"மெசினிலை தெரியுதாம்."

"மெசின். பற்றரி இல்லாமல் ஊரிலை கார் ஓடேல்லை, இவரின்ரை மெசின் மட்டும் ஓடுதாக்கும்."

ஞானாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. மச்சாளின் வாய் எப்போதும் அப்படி. பங்கருக்குள் இருந்துகூட ஆட்களைச் சிரிக்க வைத்தவள்.

ஆனால் பராசக்தி சிரிக்கவில்லை. அவள் விரல்கள் வெங்காயத்தைத் தோலோடு சதையையும் சேர்த்துப் பிய்த்தன.

"நான் அண்டைக்குச் சீனித்தண்ணி பருக்காட்டி நீ கண் முழிச்சிருக்கமாட்டாய்."

கேள்வி மாதிரி இல்லை. ஆனால் சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். வெங்காயமும் கையுமாக, முகத்தை நிமிர்த்தாமல் காத்திருந்தாள். அப்போதுதான் ஞானாம்பிகைக்கு விளங்கியது. டொக்டர் சொன்னது உண்மையென்றால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கவேண்டிய நேரத்தைச் சீனித்தண்ணியோடு கழித்தவள் பராசக்தி. மெசின் பொய் சொல்வது அவளுக்குத் தேவையாக இருந்தது.

"ஓம் மச்சாள்," என்றாள் ஞானாம்பிகை.

பராசக்தி மூச்சை விட்டாள். குரல் உடனே உரத்தது.

"நான் பூவும் பொட்டும் வைச்சவளாய் இருந்தால் உன்னைக் கேக்கவேமாட்டன். தை மாதம் கொழும்புக்குக் கண் ஒப்பரேசனுக்குப் போய்வந்த எனக்கு அந்த வழி உள்ளங்கை மாதிரி. ஆனால் தாலி அறுத்தவள் முன்னாலை நடக்கக் கலியாணப் பொம்பிளை பின்னாலை போனால், மாப்பிள்ளையின்ரை தாய் என்ன சொல்லுவா? ஆயுசு முழுக்கப் பிள்ளை அந்தச் சொல்லைக் கேக்கோணும். சொந்தத்திலையும் வேறை ஒருத்தியும் இல்லை. ரெண்டு நாள் பல்லைக் கடி. போய் மங்கலமாய்க் கையைப் பிடிச்சுக் குடுத்திட்டு வா."

"ஓம்" என்ற சொல் இந்த முறை ஞானாம்பிகையின் வாயில் வரவில்லை. பராசக்தி அதைக் கவனிக்கவில்லை.

*

மத்தியானம் தவமலர் வெந்நீரும் துணியுமாக வந்து தாயின் காலடியில் உட்கார்ந்தாள். கட்டை அவிழ்த்தாள். குதிக்காலில் தணல் சுட்ட இடம் ஈரமாகவே இருந்தது.

"நோகுதோ அம்மா?"

"இல்லை."

"நொந்தால் நல்லதம்மா. நீங்கள் கவனமாய் நடப்பியள்."

ஞானாம்பிகை மகளுடைய தலை வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேர் வகிடு. சின்ன வயதில் அவள்தான் எடுத்துவிட்டது.

"அம்மா, அவர் படத்திலை மெலிஞ்சு தெரியிறார். நேரிலை வண்டியும் தொந்தியுமாய் வந்து நிண்டால் நான் என்ன செய்ய?"

"கடல் தாண்டினாப்பிறகு திருப்பி அனுப்ப ஏலாது."

"நீங்கள்தானே பக்கத்திலை நிப்பியள். எனக்குப் பிடிக்கேல்லையெண்டால் கையைக் கிள்ளுவன். நீங்கள் மயங்கி விழுந்ததுமாதிரி விழுங்கோ."

தவமலர் தன் பகிடிக்குத் தானே சிரித்தாள். புதுத்துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கொழும்பில் லைற் போட்டதும் கண் கூசுமாம் என்றாள். ஊசிமருந்தைக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கலாம், இந்த ஈரமண் முட்டிக்குள் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை என்றாள். தன் கலியாணத்துக்குள்ளும் தாயின் ஊசிமருந்துக்கு ஓர் இடம் வைத்திருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளை எழுந்து வெந்நீர்ச் சட்டியை வெளியே ஊற்றப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஞானாம்பிகை பாயில் சாய்ந்தாள். இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்தால்தான் மூச்சு வந்தது. நேற்றிலிருந்து ஒரு கேள்வி அவளை விடவில்லை. அந்தப் பழைய தழும்பு. அது எந்த நாள்?

தன் நெஞ்சில் ஒரு துண்டு செத்துப்போயிருக்கிறது. அது செத்த நாள் அவளுக்குத் தெரியாது. வளர்த்த ஆடு செத்த நாள்கூடத் தெரியும்.

மாமியாரின் திவசத்தன்றாக இருக்கலாம். உழுந்து அரைக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. "விரதமெண்டு வயித்தைக் காயப்போட்டால் இப்பிடித்தான்" என்று யாரோ பனங்கட்டியை வாயில் திணித்தார்கள். சற்று நேரத்தில் எழுந்து மிச்ச உழுந்தையும் அரைத்து முடித்தாள். வடை நன்றாக வந்ததென்று ஐயர்கூடச் சொன்னார். அன்றைக்காக இருந்தால், செத்த துண்டை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அத்தனை வடையும் சுட்டிருக்கிறாள்.

அல்லது குண்டு போடப் பொம்பர் வந்த அந்தக் காலையாக இருக்கலாம். தவமலரைக் கையில் பிடித்துக்கொண்டு பங்கருக்கு ஓடியபோதும் இப்படித்தான் வேர்த்தது. ஆனால் அன்றைக்கு ஊரே வேர்த்தது. அதில் யாருடைய வேர்வை நோய், யாருடையது பயம் என்று எந்த மெசின் பிரித்துச் சொல்லும்?

எந்த நாளாக இருந்தாலும், மறுநாள் அவள் எழுந்து முற்றம் கூட்டியிருக்கிறாள். அதுதான் அவளை இப்போது நடுங்கவைத்தது. நோகாததால் எழுந்தாள். எழுந்ததால் யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காததால் அவளும் தன்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். இருட்டில் வள்ளம். தண்ணீரும் மண்ணெண்ணெய் மணமும். வேர்க்கும். பிள்ளை சீனியைத் தேடுவாள். நடுக்கடலில், தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பனங்கட்டியைப் பல்லுக்கிடையில் திணிப்பாள்.

பிள்ளைக்கு அந்தக் கொடுமை வரக்கூடாது. ஆகவே நான் போகக்கூடாது.

இந்த வசனம் மனதில் அழகாக வந்து அமைந்தது. தாய் சொல்லக்கூடிய வசனம். இதைச் சொன்னால் பரமலிங்கம் தலைகுனிவார். மச்சாள்கூட அழுவாள். ஊர் பிறகு பல வருடம் இதைச் சொல்லிச் சொல்லி நெகிழும்.

ஞானாம்பிகை அந்த வசனத்தை மறுபடி சொல்லிப் பார்த்தாள். உள்ளே எங்கோ அது ஒட்டவில்லை. பிள்ளையைப் பற்றிய பயம் உண்மைதான். ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதற்குப் பிள்ளையும் இல்லை, கலியாணமும் இல்லை, ஊரும் இல்லை. நேற்று டொக்டர் காகிதத்தில் விரல் வைத்த நேரம் அது எழும்பியது. இவ்வளவு காலமும் எங்கே படுத்திருந்தது என்று தெரியாத ஒன்று.

எனக்குச் சாக விருப்பமில்லை.

அவ்வளவுதான் அது. அவள் வெட்கப்பட்டாள். பக்கத்தில் யாராவது கேட்டுவிட்டார்களா என்பதுபோலக் கதவைப் பார்த்தாள்.

*

பொழுதுபடுகிற நேரம் கிறகோரி வந்தான். சாவகச்சேரிக்காரன். கிளாலிவரை ஆட்களை ஏற்றி இறக்குகிற வான் வைத்திருப்பவன். பெற்றோலுக்குத் தட்டுப்பாடு; அதன் மணத்தை மட்டும் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டுவான். வாசலில் நின்றபடியே கதைத்தான்.

"வெள்ளிப் பின்னேரம் வெளிக்கிட்டு நில்லுங்கோ அண்ணை. வள்ளக்காரருக்குப் பேர் குடுக்கவேணும். ஆர் ஆர் வருகினம்?"

"தாயும் மகளும்," என்றார் பரமலிங்கம்.

"நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு வரவேண்டாம் தங்கச்சி. என்ரை வானிலை ஏறி இறங்கினால் கொழும்பிலை மாப்பிள்ளை மூக்கைப் பொத்துவார்."

தவமலர் சிரித்தாள். பராசக்தியும் வேலியோரம் வந்து நின்றிருந்தாள். "அவள் குளிச்சிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பாப்பாள். நீ சும்மா உன்ரை வானைக் குளிப்பாட்டு."

ஞானாம்பிகை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கிறகோரி, நான் வரேல்லை. மகளும் மச்சாளும்தான் வருகினம். பாஸ் மாத்த ஏலுமோ?"

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "நாளைக்கு வெள்ளெனப் போய்க் கேட்டால் சிலவேளை மாத்தித் தருவினம்..."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" பராசக்தியின் குரல் தாழ்ந்துபோய் இருந்தது. "நான் வெள்ளைச்சீலை கட்டினவள் ஞானம்."

"ஓம் மச்சாள். உங்களுக்கு வழி தெரியும். நெஞ்சும் நல்லாயிருக்கு."

"மாப்பிள்ளை வீடு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

கிறகோரி விடியப் பார்ப்போம் என்று முணுமுணுத்து வானுக்குத் திரும்பினான். பரமலிங்கம் அவளை முழங்கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இஞ்சை பாரும். நான் உம்மை ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை."

உண்மைதான். அவர் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருந்ததில்லை.

"எங்கடை ஒரே பிள்ளை. இண்டைக்கு அனுப்பினால் இனி எப்ப காண்பமோ தெரியாது. நீரும் அந்தக் கலியாணத்தைப் பாக்காட்டி, எங்கள் ரெண்டு பேரிலை ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு வரும். போய்வாரும். கடவுள் பாத்துக்கொள்ளுவார்."

அவருடைய கண் நிறைந்திருந்தது. அதைப் பார்க்க அவளால் முடிந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நான் போகேல்லை," என்றாள்.

தவமலர் எப்போது உள்ளே வந்தாளோ தெரியாது. விளக்கு இன்னும் ஏற்றவில்லை. அவள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது.

"டொக்டர் என்ன சொன்னவர் அம்மா?"

பரமலிங்கம் வாயைத் திறந்தார். ஞானாம்பிகை அவருக்கு முந்திக்கொண்டாள்.

"அண்டைக்குச் சீனி இறங்கேல்லை பிள்ளை. எனக்கு வந்தது மாரடைப்பு. நோகாமல் வந்தது. அதுக்கு முதலும் ஒருக்கால் வந்திருக்குதாம்."

வெளியே பராசக்தி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தியது கேட்டது. பிறகு வேலி ஓலை உரசியது. அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

தவமலர் வந்து தாயின் இரண்டு கையையும் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது. அழுகையை விழுங்கி விழுங்கிக் கதைத்தாள்.

"எனக்கு விளங்குதம்மா. வள்ளத்திலை வைச்சு உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்வன் எண்டுதானே யோசிக்கிறியள். எனக்காகத்தானே நிக்கிறியள். அப்பிடித்தானே அம்மா?"

பிள்ளை கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரு சொல். அதைக் கொடுத்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு கடலைக் கடந்துவிடுவாள். கனடாவில் பனிக்குள் இருந்துகொண்டு தன் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லுவாள். காலையில் மச்சாளுக்குக் கொடுத்த மாதிரி ஒரு "ஓம்".

"சொல்லுங்கோ அம்மா. எனக்காகத்தானே?"

ஞானாம்பிகை மகளின் கையை விடாமலே இருந்தாள்.

"இல்லை பிள்ளை," என்றாள். "எனக்காக."